முப்பது சொச்சம் பேரும் ஒரு சின்னக் கோடும்

சில வருடங்களுக்கு முன்பு ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை ஆங்கிலத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. நான்காம் பக்கத்திலேயே ஒரு வாக்கியம் சிரிக்க வைத்தது. 'வீ ஹேவ் 30 ஆட் எம்ப்ளாயீஸ்' என்று இருந்தது. எழுதியவர் சொல்ல நினைத்தது, எங்களிடம் முப்பது சொச்சம் பேர் வேலை செய்கிறார்கள் என்று. எழுத்தில் நின்றதோ, எங்களிடம் முப்பது விசித்திரப் பிறவிகள் வேலை செய்கிறார்கள் என்று. 'ஆட்' என்ற சொல் எண்ணை ஒட்டி வந்தால் 'சொச்சம்'. தனியாக நின்றால் 'வினோதமான'. எண்ணுக்கும் அதற்கும் நடுவே ஒரு ஹைபன், அதாவது சொற்களைச் சேர்க்கும் சின்னக் கோடு (-), போட்டிருந்தால் தீர்ந்தது. நிறுவனத்துக்குள் போய்ப் பார்த்தவர்கள் பழைய வாக்கியமே சரி என்று சொல்லக்கூடும், அது வேறு விஷயம்.

பள்ளியில் முற்றுப்புள்ளி, காற்புள்ளி, கேள்விக்குறி எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ஹைபனைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. அதனால் நம்மில் பலர் அதை ஓர் அலங்காரமாக நினைக்கிறோம்: கண்ணுக்கு நன்றாக இருந்தால் போடுவது, இல்லாவிட்டால் விடுவது. உண்மையில் தமிழ் எழுதத் தெரிந்தவருக்கு இதன் வேலை புதிதே அல்ல. 'தந்த பலகை' என்று எழுதினால் யாரோ கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' என்று எழுதினால் யானைத் தந்தத்தில் செய்தது. நடுவில் வரும் ஒரு 'ப்', முன்னால் உள்ள சொல் வினையா பெயரா, பின்னால் வரும் சொல்லோடு அதற்கு என்ன உறவு என்பதையெல்லாம் சொல்லிவிடுகிறது. வல்லினம் மிகுவதை வைத்து நாம் செய்யும் வேலையில் ஒரு பங்கை ஆங்கிலம் இந்தச் சின்னக் கோட்டை வைத்துச் செய்கிறது. ஒற்றுப்பிழைக்கு முகம் சுளிப்பவர்கள் ஹைபனை மட்டும் விருப்பம்போல் விடுவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஆங்கிலத்துக்கு ஏன் இது தேவைப்படுகிறது? ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் பெயரடைக்கும் விகுதி உண்டு. எந்தப் பெயர்ச்சொல்லோடு சேர்கிறதோ அதன் பாலுக்கும் எண்ணுக்கும் வேற்றுமைக்கும் ஏற்றபடி பெயரடையின் வால் மாறும். வாலைப் பார்த்தே எது எதோடு சேரும் என்று பிடித்துவிடலாம். 15ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்த வால்கள் ஏறக்குறைய எல்லாமே உதிர்ந்துவிட்டன. போதாததற்கு, பெயர்ச்சொல்லையும் எந்த விகுதியும் இல்லாமல் அப்படியே இன்னொரு பெயர்ச்சொல்லின் முன்னால் நிறுத்தலாம் என்ற பழக்கமும் வலுத்தது. தமிழில் 'ஆன', 'உள்ள', 'இன்' என்று ஏதாவது ஒன்று ஒட்டி வரும், அல்லது ஒற்று மிகும். ஆங்கிலத்தில் மூன்று மொட்டைச் சொற்கள் வரிசையாக நிற்கும்; எது எதைத் தழுவுகிறது என்று படிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நமக்குப் பழக்கமான ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம்: 'ஸ்மால் ஸ்கேல் இண்டஸ்ட்ரி'. முதல் இரண்டையும் சேர்த்துப் படித்தால் சிறிய அளவில் நடக்கும் தொழில். பின் இரண்டையும் சேர்த்துப் படித்தால், 'ஸ்கேல்' என்பதற்குத் தராசு என்றும் பொருள் இருப்பதால், தராசு செய்யும் தொழில், அதுவும் சின்னது. 'ஸ்மால்-ஸ்கேல் இண்டஸ்ட்ரி' என்று எழுதிவிட்டால் இரண்டாவது வாசிப்புக்கு இடமே இல்லை. அந்தக் கோடு படிப்பவரிடம் சொல்வது இதுதான்: பொறு, 'ஸ்கேல்' இங்கே நிற்கவில்லை, முன்னால் வந்ததோடு சேர்ந்து ஒரே அடையாகி, இனிமேல் வரப்போகும் பெயரைத் தழுவப்போகிறது. படித்து முடித்த பிறகு யாருக்கும் பொருள் புரிந்துவிடும்; தராசு என்று யாரும் உட்கார்ந்துவிட மாட்டார்கள். ஆனால் கண் ஒரு நொடி தடுக்கி, பின்னால் போய், மறுபடி வரும். அந்தத் தடுக்கலைத் தவிர்க்கத்தான் ஹைபன்.

அந்தக் குறியின் பிறப்பும் இதே வேலைக்காகத்தான். ஹைபன் என்பது கிரேக்கச் சொல். 'ஒன்றின் கீழ்' என்று பொருள். பழைய கிரேக்கத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாமல் எழுதினார்கள், நம் ஓலைச்சுவடிகளைப் போலவே. இரண்டு சொல்லை ஒன்றாகப் படிக்க வேண்டிய இடத்தில் எழுத்துகளுக்குக் கீழே வில் போல ஒரு கோடு வளைத்தார்கள். அதுதான் முதல் ஹைபன். வரி முடிவில் சொல்லை உடைக்கும் வேலை அதற்குப் பிற்பாடு வந்து சேர்ந்தது. 1455 வாக்கில் குட்டன்பர்க் அச்சிட்ட பைபிளின் வலது ஓரங்களில் சாய்ந்த இரட்டைக் கோடுகளாக அதை வரிசையாகப் பார்க்கலாம். உடைப்பதும் சேர்ப்பதும் ஒரே குறியின் வேலை ஆகிப்போனது ஒரு விசித்திரம்தான். இதற்குக் கடைசியில் திரும்ப வர வேண்டியிருக்கும்.

சரி, எப்போது போடுவது? முதலில் பார்க்க வேண்டியது இடம். இரண்டு சொற்கள் சேர்ந்து ஒரே அடையாகிப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் ஹைபன். அதே சொற்கள் பெயருக்குப் பின்னால் வந்தால் பெரும்பாலும் வேண்டாம். 'எ வெல்-நோன் ரைட்டர்' என்றால் கோடு உண்டு. 'தி ரைட்டர் இஸ் வெல் நோன்' என்றால் இல்லை. இதன் காரணம் மேலே சொன்னதுதான். பெயர் ஏற்கெனவே வந்துவிட்டால், அடுத்து என்ன வரப்போகிறதோ என்று படிப்பவர் காத்திருக்கவில்லை. தவறாக ஒட்டிக்கொள்ள எதிரில் ஒன்றும் இல்லை. அதேபோல் 'லாங்-டெர்ம் பிளான்' என்று திட்டத்துக்கு அடையாக வந்தால் கோடு; 'இன் தி லாங் டெர்ம்' என்று தனியாக வந்தால் அங்கே 'டெர்ம்' வெறும் பெயர்ச்சொல், 'லாங்' அதற்கு வெறும் பெயரடை, கோடு கிடையாது. 'ஃபேஸ்-டு-ஃபேஸ் மீட்டிங்' என்பதில் இரண்டு கோடு. 'தே மெட் ஃபேஸ் டு ஃபேஸ்' என்பதில் ஒன்றுமில்லை. அலுவலக மின்னஞ்சல்களில் அதிகம் தப்புவது இந்த இடம்தான். ஒருமுறை கோட்டோடு பார்த்துவிட்டால் அந்தச் சொல்லுக்கே கோடு சொந்தம் என்று நினைத்து, எங்கே வந்தாலும் போட்டுவிடுகிறார்கள். கோடு சொல்லுக்குச் சொந்தமில்லை, சொல் நிற்கும் இடத்துக்குச் சொந்தம்.

ஒரு கூட்டம் மட்டும் இதற்கு அடங்காது. 'லெஃப்ட்-ஹேண்டட்', 'ப்ளூ-ஐட்', 'பேட்-டெம்பர்ட்' போன்றவை. உடலில் உள்ள ஒன்றையோ குணத்தையோ சொல்லி, கடைசியில் 'உடைய' என்ற பொருளில் ஒரு விகுதி ஒட்டியவை. இவற்றை எங்கே வைத்தாலும் கோடு போகாது: 'ஹீ இஸ் லெஃப்ட்-ஹேண்டட்'. ஏனென்றால் 'ஹேண்டட்' என்று தனியாக, 'கை உடைய' என்ற பொருளில், ஒரு சொல்லே வழக்கில் இல்லை. 'லெஃப்ட்' என்பதோடு சேர்ந்தால்தான் அதற்கு உயிர்.

இனி, கோடு இல்லாவிட்டால் பொருளே கவிழ்ந்துவிடும் இடங்கள். 'மேன்-ஈட்டிங் ஷார்க்' என்றால் மனிதனைத் தின்னும் சுறா. கோட்டை எடுத்துவிட்டால் சுறா தின்னும் மனிதன், அதாவது சாப்பாட்டுக் கடையில் சுறாப்புட்டோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர். 'லிட்டில்-யூஸ்ட் கார்' என்றால் அதிகம் ஓட்டாத கார். கோடில்லாத 'லிட்டில் யூஸ்ட் கார்' கைமாறிய ஒரு குட்டிக் கார். விற்பவருக்கு இரண்டுக்கும் விலையில் நல்ல வித்தியாசம் உண்டு. 'ஓல்ட் ஃபர்னிச்சர் டீலர்' கிழவரா, பழைய மரச்சாமான் விற்பவரா? 'தர்ட் வேர்ல்ட் வார்' மூன்றாம் உலகப் போரா, மூன்றாம் உலக நாடுகளில் நடக்கும் போரா? 'மோர் எக்ஸ்பீரியன்ஸ்ட் டாக்டர்ஸ்' வேண்டும் என்று ஒரு மருத்துவமனை கேட்டால், இருப்பவர்களைவிட அனுபவம் கூடியவர்கள் வேண்டுமா, அனுபவசாலிகள் இன்னும் நிறையப் பேர் வேண்டுமா? கடைசியில் சொன்னதற்கு 'மோர்-எக்ஸ்பீரியன்ஸ்ட்' என்று கோடு போட்டு முதல் பொருளை நிலைநிறுத்தலாம். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. 'டாக்டர்ஸ் வித் மோர் எக்ஸ்பீரியன்ஸ்' என்று வாக்கியத்தையே மாற்றிவிடுவேன். கோட்டால் தாங்க முடியாத பாரத்தைக் கோட்டின் மேல் ஏற்ற வேண்டியதில்லை.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது 'ட்வென்டி ஃபோர் ஹவர் ஷிஃப்ட்ஸ்'. ஒரு செவிலியர் மாதம் இத்தனை பணிமுறை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 'ட்வென்டி ஃபோர்-ஹவர் ஷிஃப்ட்ஸ்' என்றால் நான்கு மணி நேரப் பணிமுறை இருபது. மொத்தம் 80 மணி நேரம். 'ட்வென்டி-ஃபோர் ஹவர் ஷிஃப்ட்ஸ்' என்றால் ஒரு மணி நேரப் பணிமுறை இருபத்து நான்கு. மொத்தம் 24 மணி நேரம். 'ட்வென்டி-ஃபோர்-ஹவர் ஷிஃப்ட்ஸ்' என்றால் ஒவ்வொரு பணிமுறையும் ஒரு முழு நாள். எத்தனை என்றே சொல்லவில்லை. நான்கு சொற்களும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. சம்பளம் மட்டும் கோட்டுக்குக் கோடு மாறுகிறது.

எண் வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் தடுமாறும் இன்னொரு இடம் இது. 'டென் இயர்ஸ் ஓல்ட் பாய்' என்று எத்தனை செய்திகளில் பார்த்திருக்கிறோம்! பெயருக்கு முன்னால் அடையாக வரும்போது அளவுப்பெயர் ஒருமையாகிவிடும், கோடுகளும் விழும்: 'டென்-இயர்-ஓல்ட் பாய்'. பெயருக்குப் பின்னால் போனால் பன்மை திரும்பிவிடும், கோடு போய்விடும்: 'தி பாய் இஸ் டென் இயர்ஸ் ஓல்ட்'. இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழ்க் காது இதை ஏற்கெனவே சரியாகத்தான் கேட்கிறது. 'நூறு ரூபாய் நோட்டு' என்கிறோம், 'நூறு ரூபாய்கள் நோட்டு' என்பதில்லை. 'ஐந்து நாள் பயணம்', 'ஆறடி மனிதர்', 'மூன்று மாடி வீடு'. எதிலும் 'கள்' இல்லை. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்ததும்தான், ஒன்றுக்கு மேல் என்றால் பன்மை விகுதி போட வேண்டும் என்ற பள்ளிக்கூடப் பயம் வந்து அந்தக் காதைப் பொத்திவிடுகிறது. கிரிக்கெட் பார்ப்பவர்கள் அந்தப் பயத்தை எளிதில் தாண்டலாம். 'டென்-விக்கெட் வின்', 'ஃபைவ்-விக்கெட் ஹால்', 'ஃபிஃப்டி-ஓவர் மேட்ச்', எல்லாம் ஒருமை. 'வன் பை டென் விக்கெட்ஸ்' என்று வினைக்குப் பின்னால் வந்தால் மட்டும் பன்மை.

விடுப்பு விண்ணப்பம் கொஞ்சம் சிக்கல் பிடித்தது. 'டூ-டே லீவ்' சரி. 'டூ டேஸ் லீவ்' என்பதும் சரியாகலாம், 'டேஸ்' என்பதன் வாலில் ஓர் அபாஸ்ட்ரஃபி இருந்தால். அப்போது அது 'இரண்டு நாளின் விடுப்பு' என்ற உடைமைப் பொருள். இரண்டையும் கலந்து 'டூ-டேஸ் லீவ்' என்று எழுதுவதுதான் எதிலும் சேராது. மேலாளர் எப்படியும் கையெழுத்துப் போடுவார்.

அறிவியல் எழுதுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அலகின் பெயரை முழுதாக எழுதினால்தான் கோடு: '35-மில்லிமீட்டர் ஃபிலிம்'. அலகைக் குறியீடாகச் சுருக்கி எழுதினால், அது அடையாகவே வந்தாலும், எண்ணுக்கும் குறியீட்டுக்கும் நடுவே இடைவெளிதான், கோடு கிடையாது. இது பத்திரிகைப் பழக்கம் அல்ல, பன்னாட்டு அலகு முறையின் விதி. காரணமும் நியாயமானது: அந்த முறையில் எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே உள்ள இடைவெளி பெருக்கல் குறியாகவே கருதப்படுகிறது.

அடுத்தது, போடக் கூடாத இடம். 'லி' என்று முடியும் வினையடைக்குப் பின்னால் கோடு வேண்டியதில்லை. 'நியூலி மேரீட் கப்பிள்', 'ஹைலி பெய்ட் ஆஃபீசர்', 'பேட்லி ரிட்டன் ரிப்போர்ட்' எல்லாம் கோடில்லாமல் நிற்கும். ஏன் இந்தச் சலுகை என்று யோசித்தால் முழு விதியும் விளங்கிவிடும். 'நியூலி' என்பது வினையடை மட்டுமே. அதனால் 'கப்பிள்' என்ற பெயரைத் தழுவ முடியாது. பக்கத்தில் உள்ள 'மேரீட்' என்பதோடுதான் சேர்ந்தாக வேண்டும். தப்பாகப் படிக்க வழியே இல்லாதபோது வழிகாட்டிப் பலகை எதற்கு? ஆனால் 'ஃபாஸ்ட்', 'லாங்', 'ஹை', 'ஹார்ட்', 'வெல்' எல்லாம் இரட்டை வேடக்காரர்கள். வினையடையாகவும் வருவார்கள், பெயரடையாகவும் வருவார்கள். அதனால்தான் 'ஃபாஸ்ட்-மூவிங்', 'லாங்-ரன்னிங்', 'ஹை-பேயிங்' என்று கட்டிப்போட வேண்டியிருக்கிறது. சோப்பு, பற்பசை, பிஸ்கட் விற்பவர்கள் 'ஃபாஸ்ட் மூவிங் கன்ஸ்யூமர் குட்ஸ்' என்பதை எஃப்எம்சிஜி என்று சுருக்குகிறார்களே, அதன் முதல் இரண்டு எழுத்துக்கு நடுவிலும் விரித்து எழுதினால் ஒரு கோடு இருக்க வேண்டும்.

'லி' என்று முடிவதெல்லாம் வினையடை இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 'ஃபேமிலி' பெயர்ச்சொல். 'ஃப்ரெண்ட்லி' பெயரடை. 'எர்லி' இரண்டு வேடமும் போடும். ஆகவே 'ஃபேமிலி-ஓன்ட் பிசினஸ்', 'ஃப்ரெண்ட்லி-லுக்கிங் டாக்', 'எர்லி-மார்னிங் ட்ரெயின்' எல்லாவற்றுக்கும் கோடு வேண்டும். வாலைப் பார்த்து மட்டும் முடிவெடுக்கும் மென்பொருள்கள் சறுக்க வாய்ப்புள்ள இடம் இது.

'வெரி' என்பதற்குப் பின்னாலும் கோடு போடுவதில்லை, அதே காரணத்துக்காக. லத்தீன் தொடர்களுக்கு வேண்டாம்: 'ஆட் ஹாக் கமிட்டி'. வேதிப்பெயர்களுக்கு வேண்டாம்: 'சோடியம் குளோரைட் சொல்யூஷன்'. பெரிய எழுத்தில் தொடங்கும் சிறப்புப் பெயர்களுக்கு வேண்டாம்; 'சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ்' என்பதில் அந்தப் பெரிய எழுத்துகளே இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடுகின்றன.

இதுவரை சொன்னதில் பெரிய சண்டை இல்லை. எல்லோருக்கும் பழகிப்போன கூட்டுப்பெயர்கள் அடையாக வரும்போதுதான் சண்டை தொடங்குகிறது. 'ஹை ஸ்கூல் ஸ்டூடன்ட்', 'ரியல் எஸ்டேட் ஏஜென்ட்', 'இன்கம் டாக்ஸ் ஆஃபீசர்', 'கிரெடிட் கார்ட் பில்'. விதிப்படி பார்த்தால் கோடு வேண்டும். ஆனால் 'ரியல் எஸ்டேட்' என்பது படிப்பவர் மனதில் ஏற்கெனவே ஒரே சொல்லாகிவிட்டது. 'உண்மையான எஸ்டேட் ஏஜென்ட்' என்று யாரும் படிக்கப் போவதில்லை. 'ஹை' என்பதற்குப் போதையில் மிதப்பவர் என்றும் பொருள் இருந்தாலும், 'ஹை ஸ்கூல்' என்று பார்த்ததும் அந்தப் பொருள் நினைவுக்கு வராது. ஆகவே பெரும்பாலானவர்கள் இங்கே கோட்டை விட்டுவிடுகிறார்கள். பிரச்சினை, எது 'பழகிப்போனது' என்பதை யார் முடிவு செய்வது? வங்கியில் வேலை செய்பவருக்குப் பழகிய கூட்டுச்சொல் வெளியாளுக்குப் புதிது.

2019இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இதில் கையைச் சுட்டுக்கொண்டது. அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் அதன் நடைக் கையேடு கிட்டத்தட்ட வேதம். அந்த வருடம், பொருள் தெளிவாக இருந்தால் கோடு வேண்டாம் என்ற பக்கம் சாய்ந்து, 'ஃபர்ஸ்ட் குவார்ட்டர் டச்டவுன்' போன்ற தொடரிலிருந்து ஹைபனை எடுத்துவிட்டார்கள். அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் முதல் கால் பகுதியில் எடுத்த டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) என்பதுதான் அதன் பொருள். கோடு போனதும், கால் பகுதியில் எடுத்த முதல் டச்டவுன் என்றும் படிக்கலாமே என்று பிழைதிருத்துபவர்கள் கொதித்தெழுந்தார்கள். சில மாதங்களிலேயே அந்தக் கோட்டைத் திருப்பி வைத்துவிட்டார்கள். எனக்கு அந்தக் கொதிப்பு நியாயமாகவே பட்டது. எழுதியவருக்குப் பொருள் எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும். முப்பது சொச்சம் பேரை எழுதியவருக்கும் தெளிவாகத்தான் இருந்தது.

அதே 2019இல் அந்தக் கையேடு இன்னொரு கோட்டையும் எடுத்தது. அதைத் திருப்பி வைக்கவில்லை. 'ஆஃப்ரிக்கன் அமெரிக்கன்', 'ஏஷியன் அமெரிக்கன்' என்று இரட்டை வேர் உள்ளவர்களைக் குறிக்கும் சொற்களில் இருந்த ஹைபன் அது. இதன் பின்னால் இலக்கணத்தைவிட வரலாறு அதிகம். முதல் உலகப் போர் காலத்தில் 'ஹைபன் போட்ட அமெரிக்கர்' என்பது ஒரு வசைச்சொல். பிறந்த நாட்டையும் விடாமல், வந்த நாட்டுக்கும் முழு விசுவாசம் காட்டாமல் நடுவில் நிற்பவர் என்று பொருள். 1915 அக்டோபரில் தியோடர் ரூஸ்வெல்ட் நியூயார்க்கில் பேசும்போது, ஹைபன் போட்ட அமெரிக்கத்தனத்துக்கு இந்த நாட்டில் இடமில்லை என்றே முழங்கினார். கோட்டை எடுத்துவிட்டால், 'ஆஃப்ரிக்கன்' என்பது 'அமெரிக்கன்' என்பதற்கு வெறும் அடைதான். பாதி இது பாதி அது என்ற தொனி போய்விடுகிறது.

மறுபக்கம், அகராதிகளும் கோடுகளைக் கழித்துக்கொண்டே வருகின்றன. 2007இல் வந்த ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் ஆறாம் பதிப்பில் ஏறத்தாழ 16,000 சொற்களிலிருந்து ஹைபன் நீங்கியது. 'ஐஸ்-கிரீம்' இரண்டு சொல்லாகப் பிரிந்தது. 'பம்பிள்-பீ' ஒரே சொல்லாக ஒட்டியது. ஆங்கிலக் கூட்டுச்சொல் ஒன்றின் வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான் போகும்: முதலில் இரண்டு தனிச்சொல், பழகப் பழக நடுவில் கோடு, இன்னும் பழகினால் கோடும் கரைந்து ஒரே சொல். 'டுடே', 'டுமாரோ' இரண்டும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கோட்டோடு எழுதப்பட்டவை. 'இ-மெயில்' என்பதிலிருந்த கோட்டை அசோசியேட்டட் பிரஸ் 2011இல் விட்டது. ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அகராதி கழித்தவை பெரும்பாலும் பெயர்ச்சொற்களின் கோடுகள். பெயருக்கு முன்னால் அடையாக வரும் தொடரின் கோடு வேறு ரகம். அது சொல்லுக்குள் இருப்பதில்லை. வாக்கியத்துக்காக அந்த நேரத்தில் பிறந்து, வாக்கியம் மாறினால் மறைந்துவிடும். அகராதியைத் திறந்து அதைத் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஹைபன் செத்துக்கொண்டிருக்கிறது என்று அவ்வப்போது வரும் தலைப்புச் செய்திகள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கின்றன.

ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின் நியூயார்க் அலுவலகம் தன் ஆட்களுக்காக எழுதிய ஒரு பழைய கையேட்டில், ஹைபனைப் பெரிதாக எடுத்துக்கொண்டால் நிச்சயம் பைத்தியம் பிடிக்கும் என்று எச்சரித்திருந்தார்கள். இருபது வருடமாகப் பெரிதாக எடுத்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன், பிடிக்கவில்லை. ஆனால் வீட்டில் உள்ளவர்களுக்கு வேறு கருத்து இருக்கலாம். நான் பின்பற்றுவது இதுதான். சந்தேகமாக இருந்தால் போட்டுவிடுவேன். தேவையில்லாத இடத்தில் ஒரு கோடு விழுந்தால் எழுத்து கொஞ்சம் பழைய பாணியாகத் தெரியும், அவ்வளவுதான். தேவையான இடத்தில் விழாவிட்டால் படிப்பவர் இரண்டு முறை படிக்க வேண்டும். இரண்டு சேதமும் சமமில்லை. ஒரே அடையில் மூன்று, நான்கு கோடு விழுகிறது என்றால் மட்டும் கோட்டை எண்ணாமல் வாக்கியத்தை உடைப்பேன். தமிழில் 'இன்', 'உள்ள' என்று வால் ஒட்டி நீட்டுவதைப் போல, ஆங்கிலத்தில் 'ஆஃப்', 'வித்', 'ஃபார்' என்று பின்னால் தள்ளிவிடலாம்.

ஹைபனின் அருமையைச் சொல்ல வருகிறவர்கள் தவறாமல் இழுத்துவரும் ஒரு கதை உண்டு. 1962 ஜூலை 22 அன்று வெள்ளிக் கோளை நோக்கி நாசா ஏவிய மேரினர் 1 விண்கலம், வழி தவறிப் போனதால் 293 விநாடிகளில் அழிக்கப்பட்டது. வழிகாட்டும் நிரலில் ஒரு ஹைபன் விட்டுப்போனதே காரணம் என்று பேச்சு கிளம்பியது. இலங்கையில் குடியேறியிருந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், வரலாற்றிலேயே விலை உயர்ந்த ஹைபன் என்று அதை வர்ணித்தார். நல்ல வரி, ஆனால் விட்டுப்போனது ஹைபன் அல்ல. கையால் எழுதிய சமன்பாட்டில் ஓர் எழுத்தின் தலைக்கு மேல் இருக்க வேண்டிய கிடைக்கோடு, படியெடுக்கும்போது தவறியது. சராசரியாக்கிய மதிப்பை எடுத்துக்கொள் என்று சொல்லும் கணிதக் குறி அது. நம் சின்னக் கோட்டின் மேல் ஒரு விண்கலத்தின் பழியைப் போட வேண்டாம். அதற்குச் சுறாவும் கிழவரும் போதும்.

இன்னும் இரண்டு சில்லறை விஷயங்கள். வீட்டு விளம்பரங்களில் 'டூ- அண்ட் த்ரீ-பெட்ரூம் ஃபிளாட்ஸ்' என்று முதல் எண்ணுக்குப் பின்னால் ஒரு கோடு தொங்கிக்கொண்டிருக்கும். அச்சுப்பிழை இல்லை. 'பெட்ரூம்' என்பதை இரண்டு முறை சொல்லாமல் விட்டதற்கான அடையாளம். அந்தத் தொங்கும் கோட்டுக்குப் பின்னால் ஓர் இடைவெளி அவசியம். அப்புறம், 'நியூ யார்க்' போல இடைவெளி உள்ள ஒரு பெயரோடு, அந்த ஊரில் இயங்கும் என்ற பொருளில் 'பேஸ்ட்' சேரும்போது, வெறும் ஹைபன் போட்டால் 'யார்க்' மட்டும்தான் ஒட்டியது போலத் தெரியும். சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தின் நடைக் கையேடு அங்கே கொஞ்சம் நீளமான கோட்டைப் போடச் சொல்கிறது. மெய்ப்புப் பார்ப்பவர்களைத் தவிர அதைக் கவனிப்பவர்கள் மிகக் குறைவு என்பதால், நான் 'சென்னை-பேஸ்ட்' போன்ற ஒற்றைச் சொல் ஊர்களோடு நிறுத்திக்கொண்டு, மற்றவற்றை ஆங்கில 'இன்' போட்டு மாற்றி எழுதிவிடுவேன்.

அந்த ஆண்டறிக்கையில் எண்ணுக்கும் 'ஆட்' என்பதற்கும் நடுவே கோட்டைப் போட்டு, ஓரத்தில் காரணமும் எழுதி அனுப்பினேன். அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். அச்சாகி வந்த பிரதியை ஆவலோடு நான்காம் பக்கத்தில் திறந்தேன். பக்கத்தை வடிவமைத்தவர் பத்தியின் அகலத்தைக் குறைத்திருந்தார். கோட்டைப் பார்த்ததும் வரியை அங்கேயே உடைக்கலாம் என்று கணினி எடுத்துக்கொண்டது. ஒரு வரியின் கடைசியில் '30' என்ற எண்ணும் ஒரு கோடும் அம்போ என்று நின்றன. அடுத்த வரி 'ஆட் எம்ப்ளாயீஸ்' என்று தொடங்கியது. அதன் பிறகு இப்படிப்பட்ட இடங்களில் வேர்ட் கோப்பில் சாதாரண ஹைபன் போடுவதை விட்டுவிட்டேன். கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு ஹைபன் விசையைத் தட்டினால் வரி உடையாத ஹைபன் ஒன்று விழும். பார்க்க அதேதான், ஆனால் இரண்டு சொல்லையும் பிரிய விடாது.